ஒரு வருசம் போதும் என்று சொன்னவர்

ஊர்காவற்றுறைக் கரையில் சில்வெஸ்ரர் போட்ட முடிச்சை யாரும் மறுபடி இழுத்துப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு மீன்பிடி வள்ளம் ஏறியவர். எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கையிலிருந்து விடுவார். வெளியில் காட்டிக்கொள்ளாத பெருமை ஒன்று அவருக்கு இருந்தது: தம்பி கிறிஸ்தோப்பர். ஹொக்கியில் புல்பாக், பின்வரிசைக் காவல். எதிரணி ஆள் அவனைத் தாண்டினாலும் பந்து தாண்டாது என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் பேசிக்கொண்டார்கள்.

1964 ஆனியில் கொழும்புக் கம்பனி ஒன்றின் விளையாட்டுப் பொறுப்பாளர் பாலசிங்கம் வீடு தேடி வந்தார். கம்பனியில் வேலை, கம்பனி அணியில் ஆட்டம்.

"அஞ்சு வருசத்துக்கு எழுதினால் கால் முறிஞ்சாலும் வேலை போகாது. ஒரு வருசமெண்டால் சம்பளம் கொஞ்சம் கூட. முடிய திரும்ப எழுதோணும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

தம்பி அண்ணனைப் பார்த்தான். சில்வெஸ்ரர் தனக்குத் தெரிந்த கணக்கில் யோசித்தார். அவர்கள் துறையில் ஆள் பிடிப்பது அந்தோனியார் திருநாளிலிருந்து அடுத்த திருநாள் வரைக்கும்தான். திருநாள் முடிந்ததும் நல்ல தொழிலாளியின் வீட்டுக்கு வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியே வந்து இருந்து கேட்பார். தானாகப் போய்க் கேட்பவன் ஒருவருக்கும் வேண்டாத ஆள். ஒரே வள்ளத்தில் பல வருசம் கட்டுப்பட்டுக் கிடப்பவனுக்கும் அதே பெயர்தான்.

"ஒரு வருசம் போதும் ஐயா. பொடியன்ரை ஆட்டத்தைப் பாத்தால் நீங்களே திரும்ப வருவியள்."

பாலசிங்கம் சிரித்துவிட்டு எழுதினார். அவர் போனபின் சில்வெஸ்ரர் தம்பியிடம் சொன்னார்: "நீ போய்க் கேட்டு நிக்காதை. அவை வீட்டை வந்து கேக்கட்டும்."

அந்த வருசம் கம்பனி அணி கிண்ணம் எடுத்தது. ஒப்பந்தம் முடிந்து அடுத்த திருநாளுக்குத் தம்பி வந்தான். சில்வெஸ்ரர் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார். பாலசிங்கம் இருக்கவென்று புதுக் கதிரை ஒன்று வாங்கிப் போட்டார். திருநாள் போனது, ஆடியும் போனது. ஒருவரும் வரவில்லை.

"என்ன சில்வெஸ்ரர், உன்ரை கம்பனி நீந்தியோ வருகுது?" என்று வேலிக்கு மேலால் கேட்டார் பக்கத்து வீட்டு யாக்கோப்பு.

தம்பி வாய் திறக்காமல் வள்ளத்தில் ஏறத் தொடங்கினான். கடைசியில் சில்வெஸ்ரர் கொழும்புக்குப் போனார்.

பாலசிங்கம் மரியாதையாக இருத்தித்தான் பேசினார். "நான் இரண்டு தரம் கூப்பிட்டு எழுதச் சொன்னனான். 'அண்ணை வீட்டை வந்து கேக்கச் சொன்னவர்' எண்டு நிண்டிட்டான். துரைமார் திமிரெண்டு நினைச்சிட்டினம். இப்ப அந்த இடத்திலை வேறை ஆள்."

சில்வெஸ்ரருக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியென்றால் தம்பிக்குத் தெரியும். ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, அண்ணன் சுண்ணாம்பு பூசுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். சொன்னால் அண்ணன் சிறுத்துப் போவார் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

"எவ்வளவு காலமெண்டாலும் சரி ஐயா," என்றார். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

பாலசிங்கம் யோசித்தார். "அணியிலை ஒருத்தனுக்கு முழங்காலிலை அடி. அவன் எழும்பும்வரைக்கும் மூண்டு மாதம். அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

ஐந்து வருசத்தைத் தட்டிவிட்ட மனிதர் அந்த மூன்று மாதத்துக்குக் கைகூப்பினார்.

அவர் ஊருக்குத் திரும்பியபோது தம்பி கரையில் வலை உதறிக்கொண்டிருந்தான்.

"எத்தினை வருசமாம் அண்ணை?"

"மூண்டு மாதம்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவர் கூப்பிட்ட அண்டைக்கே எழுதியிருக்கலாமேடா."

"நீங்கள் வேண்டாமெண்டு சொல்லியிருக்க எப்பிடி எழுதுறது?"

குரலில் குத்தல் இல்லை. தம்பி கோபத்தில் இரண்டு பேச்சுப் பேசியிருந்தால் சில்வெஸ்ரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூண்டு மாதம் முடிய முதல் நீயே போய்க் கேள். எவ்வளவு காலத்துக்கு எழுதுறதெண்டு என்னட்டைக் கேளாதை."

"உங்களைக் கேக்காமலோ?" என்றான் தம்பி.

சில்வெஸ்ரர் வலையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார். தம்பியின் முகத்தைப் பார்க்க அவரால் ஏலவில்லை.