அப்பா காரை வெட்டிய வருடம்

காரை வெட்டப் போவதாக அப்பா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து வந்து, நான் வைத்த மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னார். வாசலில் இடைஞ்சலாக நிற்கும் முருங்கைக் கிளையை வெட்டப் போகிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"பின்பக்கக் கூரையை எடுத்துட்டு பிக்கப் மாதிரி தொட்டி வைக்கப் போறேன். அகலமான டயர். பானட் மேல காத்து போற மாதிரி ஒரு மேடு. கறுப்பு பெயின்ட். முன்னாடி ரெண்டே ரெண்டு சீட்டு."

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். சபைக் கமிட்டியில் உறுப்பினர். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்பவர். காலி ரோட்டிலும் நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். இப்படிப்பட்டவருக்கு அமெரிக்காக்காரன் ஓட்டுகிற மாதிரி உறுமும் வண்டி ஒன்று வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசையாம். எழுபது வயதில்தான் வெளியே சொன்னார். வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் 'ரெண்டே ரெண்டு சீட்டு' என்றதுமே எனக்குச் சுருக்கென்றது.

அந்த வருடம்தான் என் கல்யாணப் பேச்சை நானே அவரிடம் எடுத்திருந்தேன். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி நடத்துகிறவர் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்பினேன். கோடையில் எங்கள் சேலையூர்த் தெருவுக்கு லாரி வரவில்லையென்றால் போன் போட்டுச் சண்டை போடுவது என் பொறுப்பு. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அப்படிச் சண்டை போடப் போய்த்தான் பழக்கமானோம். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட, மிஞ்சிய கிணற்றை வைத்து லாரி ஓட்டுகிறார்கள். இந்துக்கள். அப்பாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். "ஜெபம் பண்ணு" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாகவே வரும். பேசாதவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

லாரிக்காரருடைய அம்மா பிடிவாதமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பெண்ணைப் பெற்றவர் தன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். நகை வேண்டாம், சீர் வேண்டாம், மதம் மாறவும் வேண்டாம். அப்பன் வராமல் பெண் மட்டும் வந்தால் அது கல்யாணமே இல்லை என்றார். எனக்கும் அப்பாவை விட்டுவிட்டு ரிஜிஸ்தர் ஆபீசில் போய் நிற்க மனமில்லை. ஆக, எல்லாம் அப்பாவின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அப்பாதான் இப்போது காரை வெட்டப் போகிறார்.

அது நீளமான ஸ்டேஷன் வேகன். அம்மா இருந்தவரை சித்தி, மாமா பிள்ளைகள் எல்லோரும் அதில் அடைந்துகொண்டு போவோம். அம்மா போன பிறகு தார்ப்பாய்க்குள் கிடந்தது.

"அப்ப பின்னாடி யாரும் உக்கார வேணாமா?" என்று கேட்டேன்.

"உக்கார யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

கிண்ணத்தை ணங்கென்று வைத்தேன். நீயும் நானும் மட்டும்தான், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று அவர் தன் பாணியில் பதில் சொல்லிவிட்டதாகவே எனக்குப் பட்டது.

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் டிங்கர் பட்டறை ஒன்றைப் பிடித்தார். அதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து, வண்டியை மாற்றுவதற்கு அனுமதி வாங்கிவிட்டிருந்தார். தும்முவதற்குக்கூட எழுத்தில் அனுமதி கேட்கிற ஆள் அவர்.

டிங்கர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னா சார், நல்லா கீற வண்டியப் போயி அறுக்க சொல்றியே" என்றார். அப்பா சாக்பீஸால் கூரையில் கோடு போட்டுக் காட்டினார். கூரையை எடுத்தால் வண்டி நடுவில் மடங்கிவிடும் என்றும், அடியில் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் கொடுத்து வெல்டிங் வைத்த பிறகுதான் மேலே கைவைக்க வேண்டும் என்றும் டிங்கர் சொன்னார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பேரும் வகுப்புக்குத் தயாராகிற பையன்கள் மாதிரி தரையில் குந்திப் படம் போட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் வைத்து நான்தான் அங்கே அழைத்துப் போவேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பார்க்கவும் ஆசையாகத்தான் இருந்தது. கூரையை அறுத்த அன்று கேஸ் நெருப்பு தகரத்தில் மெல்ல ஊர்ந்து போயிற்று. அப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டத்திலேயே நின்றார். நான்கு பேர் கூரையைத் தூக்கிச் சுவரில் சாய்த்ததும் வண்டிக்குள் வெயில் விழுந்தது. அம்மா உட்காரும் இடத்தில் சீட்டுத்துணி வெளிறிப்போயிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். 

நான் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட, சீட்டுக்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். பழைய மிக்சி, கோழிக்குஞ்சு, செருப்பு, பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் தாண்டி, வண்டிச் சாமான் பரப்பியிருந்த இடத்தில் சிவப்புத் தோல் தைத்த இரண்டு தனிச் சீட்டுகளை அப்பா கண்டுபிடித்தார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தரையில் கிடந்த சீட்டில் என்னை உட்காரச் சொன்னார்.

"சரியா இருக்கா?"

"ஒருத்திக்குச் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. கூரையில்லாத வண்டியை மழைக்காலத்தில் அடையாற்றங்கரையில் விட்டுவைப்பார்களா யாராவது? நாங்கள் விட்டுவைத்தோம். எங்கள் தெரு மேடு. தண்ணீர் என்றால் எங்களுக்கு அது லாரியில் வருவது, வராவிட்டால் போன் போட வேண்டியது, அவ்வளவுதான். அது ஆற்றிலும் வரும் என்று தலைமையாசிரியருக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு காலையில் டிங்கர் போன் செய்தார். "சார், தண்ணி ஏறிகினே கீது. தெரு முனைக்கு வந்துட்ச்சி. வண்டிய எட்த்துனு போய்டு சார்." எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஒயரிங்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், எஞ்சின் கிளம்பாது. கட்டி இழுக்கிற வண்டிக்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அவங்க லாரி வச்சிருக்காங்கன்னு சொன்னல்ல?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி அப்பா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

நான் போன் செய்ததும் அவர் டேங்கைக் காலி செய்துவிட்டு வந்து சேர்ந்தார். லாரியின் முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு. நான் ஏறப்போனேன். அப்பா என்னை நிறுத்தி, தான் முதலில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டு, என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். அந்த அவசரத்திலும் அப்பா அப்பாதான். ஆனால் கியர்க் கம்பி அவர் முழங்காலுக்கு நேராக இருந்தது.

"சாரி சார்" என்பார் அவர், கியர் போடும்போதெல்லாம்.

"பரவால்ல, போடுங்க" என்பார் அப்பா.

பல்லாவரம் தாண்டும்வரை இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

பட்டறைச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, டிங்கரோடு சேர்ந்து சங்கிலியை மாட்டினார். பின்னால் வரும் வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும். அப்பா யாரையும் கேட்காமல் அதில் ஏறி உட்கார்ந்தார். குடையோடு நானும் பக்கத்தில் ஏறினேன். முதல் காற்றிலேயே குடை திரும்பிக்கொண்டது. மொட்டை வண்டியில் நனைந்துகொண்டே அப்பாவும் மகளும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்வலம் போனோம். பஸ்ஸில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் லாரிகள் எப்படிப் பறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த லாரி நடந்து போயிற்று. ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் நின்றது. அவர் இறங்கி வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பார், "சார், பிரேக் புடிக்குதா? குளுருதா?" என்று கேட்பார், மறுபடி போய் ஏறுவார். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் பக்கம் அவர் திரும்பவேயில்லை. குரோம்பேட்டை தாண்டியதும் அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நிதானமா ஓட்டுறார்."

அப்பாவின் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. 

வீட்டில் அவர் சேற்றுக் காலோடு உள்ளே வரமாட்டேன் என்று கேட்டருகிலேயே டீ குடித்தார். அப்பா தன் துண்டையே கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் வேறு எதுவும் பேசவில்லை. அவர் போன பிறகும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்றுவிட்டால்?

பட்டறை முழுகிவிட்டதால் டிங்கர் மிச்ச வேலையை எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டார். தொட்டி வந்தது, பட்டி பார்த்துத் தேய்த்தார்கள், கறுப்பு ஏறியது. ஒருநாள் நான் சமையலறையில் இருக்கும்போது அப்பாவின் குரல் கேட்டது.

"அந்த ரெண்டு சீட்டும் வேணாம். லாரில இருக்குமே, அந்த மாதிரி ஒரே நீளமா போட்டுடுங்க."

"இன்னா சார், சோக்கான சீட்டு சார் அது. செவப்பு."

"நீங்க எடுத்துக்கோங்க."

நான் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். வெளியே வெல்டிங் மறுபடி தொடங்கியது. அதற்கு அர்த்தம் இதுதான் என்று நானே முடிவுகட்டி, பிறகு ஏமாந்து நிற்க எனக்குத் தைரியமில்லை.

ஆர்.டி.ஓ. ஆய்வு முடிந்த மறுநாள் அப்பா கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொன்னார். எங்கள் சபையில் புது வண்டி முதலில் கோயிலுக்குத்தான் போகும். போதகர் பானட்டில் கைவைத்து ஜெபித்த பிறகுதான் வேறெங்கும் போகும். சாவியைத் திருப்பியதும் சைலன்சர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் உள்ளே ஓடியது. அப்பா வழக்கம்போல நாற்பதில் ஓட்டினார். கோயிலுக்குத் திரும்ப வேண்டிய கேம்ப் ரோடு முனையில் திரும்பவில்லை.

"அப்பா, கோயில் அந்தப் பக்கம்."

"தெரியும்."

மேடவாக்கத்தில் அவர்கள் வீட்டு முன் வண்டியை நிறுத்தினார். அந்த வீடு எதுவென்று எப்போது விசாரித்து வைத்தாரோ. சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்தது. அவருடைய அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அப்பா இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டார்.

"என் பொண்ணு கோயில விடமாட்டா. உங்க பையனையும் விடமாட்டா. நானும் பேசாம இருந்து பாத்துட்டேங்க, என்னாலதான் முடியல. உங்க பையன என் பொண்ணுக்குக் குடுப்பீங்களான்னு கேக்க வந்திருக்கேன்."

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் இப்படிக் கேட்பதில்லை. அப்பா யார் வாசலிலும் நின்று எதையும் கேட்டு நான் பார்த்ததும் இல்லை.

"உள்ள வாங்க சம்மந்தி" என்றார் அந்த அம்மா. "வாசல்ல நின்னுகினு இன்னா பேச்சு?"

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.