உடையாத சிதறு தேங்காய்

சுதந்திரம் வந்த புதிது. கொடி மாறிவிட்டது, மாஜிஸ்திரேட் மட்டும் இன்னும் வெள்ளைக்காரர். நான் புது வக்கீல், எதற்கெடுத்தாலும் சட்டம் பேசும் வியாதிக்காரன். அந்த வியாதியைக் குணப்படுத்தியவள் என் கட்சிக்காரி. வயது பன்னிரண்டு.

அவள்மீது திருட்டு வழக்கு. எங்கள் டவுனின் காஜா பெராங் தெருவில் மாரியம்மன் தேர் வரும்போது வேண்டுதல்காரர்கள் சாலையில் சிதறு தேங்காய் அடிப்பார்கள். சிதறும் சில்லுகளை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். பிள்ளைகள் அதற்கென்றே காத்துக் கிடக்கும். அந்த வருஷம், மனைவி காய்ச்சலில் பிழைத்ததற்காக ஒரு மளிகைக்கடைக்காரர் ஓங்கி அடித்த தேங்காய் உடையவில்லை. உருண்டு ஓடியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டித் துரத்துவதற்குள், இவள் நாலு பையன்களை முட்டித் தள்ளி, முழுசாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். கடைக்காரர் நேரே போலீசுக்குப் போனார்.

விசாரிக்க வந்த காவலரிடம் இவள், "ஆமா, நான்தான் எடுத்தேன். வேற எவனாலயும் முடியல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். காவலர் தேங்காயைக் கைப்பற்றி, அந்தப் பெருமையை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தீர்ப்பு எதிராகப் போனால் அவளைச் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து மூட்டை தூக்கும் அவள் அப்பா என் ஆபீசில் உட்கார மறுத்துவிட்டார்.

"எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான் சார். அங்க கொண்டுபோய் வச்சிட்டா நான் யாருக்குச் சோறு ஆக்குறது?"

அவளைக் கூப்பிட்டு, "கோர்ட்டில் வாயைத் திறக்காதே. கையைக் கட்டிக்கொண்டு நில்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பண்டார் ஹிலிர் கோர்ட்டில் விசாரணை. சிறார் வழக்கு என்பதால் கூண்டு இல்லை, வேடிக்கை பார்க்கவும் ஆள் இல்லை. அவள் அப்பா மட்டும் உட்காராமல் வாசலோரம் நின்றார். கடைக்காரரை நான் மடக்கினேன்.

"யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?"

"அம்மனுக்கு."

"அப்ப கையை விட்டுப் போனதும் அது அம்மன் தேங்காய். புகார் குடுக்க அம்மன்தானே வரணும்?"

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"உடைஞ்சாதான் சார் அம்மனுக்கு. உடையாத வரைக்கும் அது என் தேங்கா. வேண்டுதல் அரைகுறையா நிக்குது. என் சம்சாரத்துக்கு மறுபடி காய்ச்சல் வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

நான் சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட்டுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. ஓங்கி அடித்த தேங்காய் எப்படி உடையாமல் போகும்? அடித்துக் காட்டச் சொன்னார்.

எல்லோரும் பின்கட்டு முற்றத்துக்குப் போனோம். சான்றுப் பொருளான அதே தேங்காயைக் கடைக்காரர் வாங்கி, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஓங்கி அடித்தார்.

சுக்குநூறானது.

முதலில் குனிந்தது காவலர். பிறகு பியூன். மொழிபெயர்ப்பாளர் முழங்காலே போட்டுவிட்டார். என் கையிலும் ஒரு சில்லு இருந்தது; எப்போது குனிந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. மாஜிஸ்திரேட்கூட, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று, தன் சப்பாத்துக் காலோரம் விழுந்ததை எடுத்துப் பார்த்தார். கடைக்காரர் ஆனந்தத்தில் அழுதார். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

"சார், இப்ப பேசலாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"அது கோர்ட்டுத் தேங்கா. எல்லாரும் எடுத்துட்டீங்க. உங்களை யாரு சார் பிடிப்பா?"

என்ன சொல்கிறாள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு வாய் நிறையத் தேங்காய். நான்தான் மொழிபெயர்த்தேன். அதைவிட நல்ல வாதத்தை என் தொழிலில் நான் எடுத்துவைத்ததில்லை, அதுவும் என்னுடையதல்ல.

மாஜிஸ்திரேட் தன் கையிலிருந்த சில்லைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார்! உடைஞ்சிருச்சு!" என்றார் அவர்.

வழக்கு தள்ளுபடி. அவள் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து என் கண்ணும் நனைந்தது.

மாஜிஸ்திரேட் தன் சில்லை அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். பிறகு என் மூடிய கையைப் பார்த்து, இன்னொரு கையையும் நீட்டினாள்.