வெள்ளிமலையில் ஒரு சிக்னல்காரருக்குத் தேர்வு வைத்த கதை

ஆவணி முதல் வாரம். கல்வராயன் மலைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் இருப்பவர்களின் கணினித் திறனை எப்படி அளப்பது என்பது என் ஆய்வு. ரகசியம் எதுவும் இல்லை. அட்டவணை, கோப்பு, கடவுச்சொல் மாதிரியான பொது வேலைகள்தான். தயாரித்த வினாத்தாளை யாரிடமாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

சிக்னல் பிரிவில் இருக்கும் கோவிந்தன் விடுப்பில் வெள்ளிமலைப் பக்கம் வந்திருந்தார். பதவி உயர்வுத் தேர்வின் கணினித் தாளில் போன முறை தோற்றவர். விடுப்பு முடிந்ததும் மறுபடி எழுத வேண்டும். கடைசி வாய்ப்பு. பயிற்சியாக இருக்கட்டும் என்று என் தாளை எழுதிப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் காலை ஏழு மணிப் பேருந்து. கச்சிராயபாளையம் தாண்டினால் மலைப்பாதை. நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இரண்டு மணி நேரம். வளைவுகளில் வயிறு புரளும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளிமலையிலிருந்து அவர் ஊருக்கு ஜீப்.

“தனியா போனா ஐநூறு. ஆள் சேர்ற வரைக்கும் குந்திகினு இருந்தா முப்பது” என்றார் ஓட்டுநர்.

குந்தினேன். யார் வீட்டுக்கு, எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

“மிலிட்டரிக்காரு வூடா? அவுருக்கே பரிச்ச வெக்கப் போறீங்களா? பாத்து சார், சுட்டுடப் போறாரு.”

கோவிந்தன் சுடவில்லை. காபி கொடுத்தார்.

“பொய் மார்க்கு மட்டும் போடாதீங்க சார். ஃபெயிலுன்னா இங்கியே சொல்லிடுங்க. அங்க போயி இன்னொரு வாட்டி அசிங்கப்பட முடியாது.”

மடிக்கணினியைத் திறந்து முதல் கேள்வியைக் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்புக்குறி திரையில் அலைந்தது. தவறான கட்டத்தில் நின்றது. கழுத்தில் வியர்வை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மழை வரும் போலிருந்தது.

வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜோதிக்குப் பொறுக்கவில்லை. “இன்னாங்க, கம்ப்யூட்டரு முன்னாடி தவம் பண்ணிகினு கீறீங்க?” முறத்தை வைத்துவிட்டு வந்து, திரையில் இருந்ததை உரக்கப் படித்தார்: “நேற்று செயலிழந்த இணைப்புகளை மட்டும் பிரித்து, நேர வரிசையில் அடுக்கவும்.”

கோவிந்தன் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார்.

“சரி” என்றார் ஜோதி.

உடனே கை நகர்ந்தது. பிரித்தார், அடுக்கினார். ஜோதி முறத்தருகே போவதற்குள் முடித்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. ஜோதி சிரித்தார். “வூட்லயும் இப்டித்தாங்க. அரைக் கிலோ தக்காளின்னா, ‘அரைக் கிலோ தக்காளி’ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் கடைக்கே கெளம்புவாரு.”

“ரேடியோல வர்ற சேதிய திருப்பிச் சொல்லணும் சார். அந்தாண்ட சரின்னாத்தான் வேலைல கை வெக்கணும்” என்றார் கோவிந்தன். “பதினோரு வருசப் பழக்கம். சும்மா கண்ணால படிச்சா உள்ள போவ மாட்டேங்குது.”

கணினித் திறனை அளப்பதாக நினைத்துக்கொண்டு, மௌன வாசிப்பை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் தேர்வு அறையில் ஜோதி இருக்க மாட்டார். “நீங்களே படிங்க, நீங்களே திருப்பிச் சொல்லுங்க, நீங்களே சரி சொல்லிக்கோங்க” என்றேன்.

“லூசுன்னு நெனப்பாங்க சார்.”

“இப்ப மட்டும் வேற மாதிரியா நெனைக்கிறாங்க?” என்றார் ஜோதி, சாமையிலிருந்து தலை தூக்காமல்.

மீதிக் கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டே செய்தார். சூத்திரம் எழுதும் கேள்வி ஒன்று தப்பு. தப்பு என்றே சொன்னேன். மழை பிடித்துக்கொண்டது. அது நிற்கும்வரை தப்பான கேள்வியையே மறுபடி மறுபடி செய்தார்.

போகிறவர்களுக்கு: இறங்கும்போதே கடைசிப் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கம் வேண்டும், மேலே போனில் பணம் அனுப்புவது நிச்சயமில்லை. ஆய்வுக்குப் போகிறவர்கள், வினாத்தாளில் ‘வாய்விட்டுப் படிக்கலாம்’ என்று ஒரு வரி சேருங்கள். நான் சேர்த்துவிட்டேன். என் நெறியாளர் இன்னும் யோசிக்கிறார்.

போன வாரம் ஜோதி அழைத்தார்.

“பாஸ் பண்ணிட்டாருங்க! பரிச்ச ஹால்ல ரெண்டு வாட்டி வாய மூடச் சொன்னாங்களாம். ‘வாய மூடணும், சரி’ன்னு அதையும் திருப்பிச் சொல்லிட்டு, எழுதிக்கினே இருந்தாராம்.”