அக்கா வீட்டு எண்

கண்ணாடிக்காரிக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் கை பரபரக்கும். பேருந்தின் எண், கட்டில் கடை விளம்பரத்தில் இருக்கும் எண், எதுவானாலும் வகுத்து உடைத்துப் பார்த்தால்தான் அடுத்த வேலை ஓடும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் பிழைப்பு. எண்களைப் பிளப்பது அவள் கிறுக்கு. அதே கிறுக்கு அவள் அக்காவுக்கும் உண்டு. வினையே அங்குதான் ஆரம்பித்தது.

அக்கா வீட்டுத் தொலைபேசி எண் 99400891. அது எதாலும் வகுபடாத பகா எண் என்று தங்கை ஒரு நாள் சாதித்தாள்.

"கடைசி வரைக்கும் வகுத்துப் பாத்தியாடி?" என்றாள் அக்கா.

வர்க்கமூலம் வரை, அதாவது பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். தங்கை விடுமுறை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு 9949 வரை வந்திருந்தாள். மிச்சம் ஒன்றே ஒன்று. இத்தனைக்கும் மசியாதது இதற்கா மசியப் போகிறது என்று எழுந்துவிட்டாள்.

"பாத்தாச்சு."

"எனக்கு நம்பிக்கை இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

வார்த்தை தடித்தது. மற்ற வீடுகளில் சொத்துக்காகப் பேச்சு நிற்கும். இந்த வீட்டில் வகுத்தலுக்காக நின்றது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வருஷங்கள் ஓடின. அக்காவின் குரலைக் கேட்காமல் தங்கைக்கு எதுவுமே ருசிக்கவில்லை. ஆனால் என்ன சாக்குச் சொல்லிக் கூப்பிடுவது?

ஒரு மத்தியானம் ஒரு லென்ஸைச் சட்டத்துக்கு அளவெடுத்தாள். இந்த வேலையில் யாரும் ஓரத்திலிருந்து தொடங்க மாட்டார்கள். முதலில் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும், பிறகுதான் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். புள்ளி வைத்த கை அப்படியே நின்றது. அந்தப் பாழாய்ப்போன எண்ணை அவள் இத்தனை நாளும் ஓரத்திலிருந்தல்லவா கொறித்துக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்து பார்த்தால்?

நடு என்றால் அதன் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 9970. அதன் வர்க்கம் 99400900. அக்காவின் எண் அதற்கு ஒன்பதுதான் குறைவு. ஒன்பதோ மூன்றின் வர்க்கம். அப்படியானால் நடுவிலிருந்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று: 9967, 9973. இரண்டையும் பெருக்கினாள். கச்சிதமாக வந்தது. அவள் அலட்சியமாக விட்ட கடைசி எண்தான் 9967.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி மனசு துள்ளியது. இதைச் சொன்னால் ரசிக்க உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள்.

"அக்கா, நான்தான். உன் நம்பர் பகா எண் இல்ல. நான் விட்டுட்ட ஒண்ணுலயே வகுபடுது."

"தெரியும்டி. நீ கோவிச்சுக்கிட்டுப் போன அதே வாரம் கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. நீயா கண்டுபிடிச்சிட்டு வருவேன்னு இருந்தேன். வீடு மாறினப்ப புது நம்பர் தரேன்னாங்க. சண்டை போட்டு இதையே வாங்கிக்கிட்டேன். கணக்கு வந்ததும் நீ இதுலதானே கூப்பிடுவே?"