பிராணேஷின் காவல் பெட்டி

பிராணேஷைப் பற்றி நல்லதாகச் சொல்லத்தான் எனக்கு ஆசை. தார்வாட்டுப் பையன், கெட்டிக்காரன், பொய் பேசத் தெரியாதவன். அவ்வளவு இருந்தும் என்ன பிரயோஜனம்?

ஹுப்பள்ளியில் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குச் சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்தெல்லாம் சதைத் துண்டுகள் வரும். அவற்றை மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். புற்றா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் டாக்டர் நான். ஸ்லைடுகளைப் படம் எடுத்துத் திரையிலேயே பார்க்கும் ஏற்பாடு வந்தபோது, அந்தப் படங்களைச் சீர்படுத்தும் வேலைக்கு பிராணேஷ் வந்து சேர்ந்தான்.

அவன் எழுதிய நிரல்கள் ரயில் பெட்டிகள் மாதிரி. ஒரு பெட்டி வெறும் கண்ணாடியை ஒதுக்கிவிட்டுச் சதை உள்ள இடத்தை மட்டும் எடுக்கும். அடுத்தது தூசியையும் பேனா மையையும் துடைக்கும். அதற்கடுத்தது நிறத்தைச் சரிசெய்யும். கடைசிப் பெட்டி படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, நோயைத் தேடும் மென்பொருளுக்கு அனுப்பும். எதையும் கழற்றலாம், எதையும் மாட்டலாம், மற்றவை தம்பாட்டுக்கு ஓடும். அதில் அவனுக்கு அத்தனை பெருமை. கிர்மிட் பொரி தின்னும் இடைவேளையில்கூட அதையே பேசிக் கழுத்தை அறுப்பான்.

கெடுத்தது நிறப் பெட்டிதான். வெளிறிய ஸ்லைடையும் அது பளிச்சென்று காட்டியது. கூடத்தின் சொந்தக்காரர் அங்கடி, எங்கள் எல்லோருக்கும் சாவ்கார், ஒருநாள் திரையில் அதைப் பார்த்துவிட்டார்.

"சாயம் மங்கினாலும் இப்படி வருதா? அப்புறம் எதுக்கு அடிக்கடி புதுசு மாத்தறீங்க?"

"நிறம்தான் வரும் சாவ்காரே. செல்லோட கரு சாயம் பிடிக்கலைன்னா, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது" என்றான் பிராணேஷ்.

"மேடம் கண்ணுக்குத் தெரியும் விடு. அவங்க என்ன சும்மாவா டாக்டர் ஆனாங்க?"

அன்றிலிருந்து கருவைக் காட்டும் நீலச் சாயம் செத்துச் சுண்ணாம்பாகும்வரை மாற்றுவதில்லை என்றாயிற்று. திரையில் எல்லாம் கல்யாண வீடு போல ஜொலித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் போட்ட சத்தத்தில் பிராணேஷ் புதிதாக ஒரு பெட்டி எழுதினான். நிறம் திருத்துவதற்கு முன்பே அது ஸ்லைடைச் சோதிக்கும்; சாயம் போதவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடும். காவல் பெட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன். மாட்டிய வாரமே பாதி ஸ்லைடுகள் திரும்பின. ரிப்போர்ட்டுகள் தாமதமாயின, ஆஸ்பத்திரிகள் போனில் கத்தின. சாவ்கார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏன்ப்பா, எதை வேணா கழட்டலாம், மத்தது ஓடும்னு நீதானே சொன்னே?"

"ஆமா சாவ்காரே."

"இதைக் கழட்டு."

"இது வேற. இது இல்லைன்னா மோசமான ஸ்லைடும் நல்லதாத் தெரியும்."

"நல்லதாத் தெரியறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

நான் குறுக்கே புகுந்தேன். "கையெழுத்து என்னோடது சாவ்காரே."

"அதான் மேடம், உங்க கையெழுத்து இருக்கையில எனக்கென்ன பயம்?"

பிராணேஷ் சண்டை போடுவான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்க் கழற்றினான். கண்ணாடி ஸ்லைடை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதற்கும் வழி வைத்திருந்தார் சாவ்கார். பெங்களூரில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே கையெழுத்துப் போட டாக்டர்கள் கிடைத்தார்கள். என் மேசைக்கு வருவது குறைந்துபோயிற்று.

மழை ஓய்ந்த சமயம், பிராணேஷ் ஒருநாள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். சட்டைப் பையிலிருந்து தாளில் சுற்றிய ஸ்லைடு ஒன்றை எடுத்து வைத்தான்.

"யாரோடது?"

"அக்காவோடது மேடம். மார்புல கட்டி. கதக் ஆஸ்பத்திரில எடுத்து நம்மகிட்டதான் அனுப்பியிருக்காங்க."

"பெங்களூர்ல பார்ப்பாங்களே?"

"பார்த்தாச்சு. ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க. நீங்க கண்ணாடியை நேர்ல பாருங்க."

"ஏன், நீ எழுதினதுமேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

இரக்கமில்லாத கேள்விதான். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் ஸ்லைடை என் பக்கம் நகர்த்தினான், கண் கலங்கியிருந்தது.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கருக்கள் எல்லாம் வெறும் நிழலாக இருந்தன. நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவச் செய்து, புதுச் சாய பாட்டிலை நானே திறந்து ஏற்ற வைத்தேன். இப்போது சந்தேகமே இல்லை. புற்றுதான், ஆனால் ஆரம்பம். அக்காவைக் காப்பாற்றிவிடலாம்.

சொன்னதும் அவன் என் காலைத் தொட வந்தான். நகர்ந்துகொண்டேன்.

"அக்காவோடதோட சேர்த்து அன்னிக்கு அதே பழைய சாயத்துல முக்கின மத்த ஸ்லைடெல்லாம்?"

"ரிப்போர்ட் போயிடுச்சு மேடம்."

"போய்க் காவல் பெட்டியை மாட்டு. யாரையும் கேட்காதே."

"வேலை போயிடும் மேடம். இப்போ அக்கா வைத்தியம் வேற இருக்கு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். கிடங்கிலிருந்து அன்றைய ஸ்லைடுத் தட்டை வரவழைத்தேன். எல்லாம் அதேபோல் வெளிறிய ஸ்லைடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பெயர். அவர்களுக்கெல்லாம் எங்கள் கூடத்தில் தம்பி இல்லை.