ஜெய்னம்புவின் நாலாவது வில்

கண்ணாடித் துண்டின் விளிம்பை முதலில் தன் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்க்கிறார் ஜெய்னம்பு. நகம் வெள்ளையாய்ச் சுரண்டப்பட்டால் துண்டு வேலைக்கு எடுபடும். இல்லாவிட்டால் பழைய ஜன்னல் கண்ணாடியில் இன்னொன்றை உடைப்பார். பிறகு கதிரையில் அமர்ந்து, தன் உயரமே நீளமான கம்பைத் தொடைகளின் குறுக்கே கிடத்தி இழுக்கத் தொடங்குவார். பத்து இழுவை. நிறுத்தம். கம்பைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் நீளம் பார்ப்பார். தூளைக் கையால் துடைக்க மாட்டார், ஊதித்தான் தள்ளுவார். மறுபடியும் பத்து இழுவை. வேலியோரம் போகிறவர்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“வில்லு செய்யிறன். வெளங்கல்லியா?”

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு. முக்காட்டை இரண்டு காதுக்கும் பின்னால் இறுக்கிச் செருகியிருப்பார். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டிப் போகிறது. அது மூன்றாவது வில் போட்டது. கரைத்தீவுப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த நான் அவருக்கு இரண்டு வளவு தள்ளி வாடகைக்கு இருக்கிறேன். இந்தத் தழும்பு புதிதாய் இருந்த வாரத்தில்தான் பழக்கமானோம். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, “இனி இந்த வேலை வேண்டாம் லாத்தா” என்றேன்.

“ஏன் டீச்சர், புள்ளைகள் கணக்குப் பிழையா செஞ்சா பள்ளிக்கூடத்த மூடுவீங்களா?” என்று கேட்டார்.

அவருடைய பிறந்த ஊர் மன்னார்ப் பக்கம், விடத்தல்தீவு. தொண்ணூறாம் ஆண்டு துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரோடு எழும்பச் சொன்னபோது, கைக்குழந்தையாயிருந்த மகளோடு நடந்து வந்து, கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் பதினொரு வருடம் இருந்தார். பிறகு கடலேரிக்கு இந்தக் கரையில் ஒரு ஏக்கர் காட்டு நிலம் வாங்கி, கணவர் மர்ஸூக்கோடு சேர்ந்து வேர் வேராய்ப் பிடுங்கித் தோட்டமாக்கினார். யுத்தம் முடிந்து பழைய ஊரை ஒரு தரம் போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் மரம் நின்றது. திரும்பி வந்து கிணற்றை இன்னும் மூன்று முழம் ஆழமாக்கினார். அந்தப் பயணத்தைப் பற்றி அதற்கு மேல் பேச மாட்டார்.

கச்சான், அதாவது நிலக்கடலைதான் அவருடைய பயிர். கிணற்றடியில் கொஞ்சம் மரவள்ளி. வில்பத்துக் காடு பக்கத்தில் இருப்பதால் பன்றிகள் எப்போதும் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராய்க் காணியை விற்றுவிட்டுப் போக, கவனிப்பாரற்ற வேலிகள் சரிந்து, பன்றிகளுக்கு நேர் பாதை கிடைத்தது. போன போகத்தில் பிடுங்க ஒரு கிழமை இருக்கும்போது முழுத் தோட்டத்தையும் உழுதுவிட்டுப் போயின. மறுநாளே காணித் தரகர் ஜப்பார் மோட்டார் சைக்கிளில் வந்தார். கொழும்புக் கம்பனி ஒன்று கரையோரமாய் மொத்தக் காணியையும் கேட்கிறது, இடையில் மிஞ்சியிருப்பது இவருடைய ஏக்கர் மட்டும்தான் என்றார்.

“பண்டியோட ஒங்களுக்கு ஏலாது லாத்தா. நல்ல விலை வரக்குள்ள குடுத்திட்டுப் போங்க.”

“ஒருக்கா எழும்பச் சொன்னாங்க, எழும்பினன். அவங்கள்ட்ட துவக்கு இருந்திச்சு. பண்டிக்கிட்ட என்ன இரிக்கு?”

துவக்குக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தீனிக்குள் வெடி வைத்துப் போடலாம் என்றார்கள் சிலர். அப்படி ஒரு வெடியைக் கடித்துத் தாடை போன நாயொன்று அவருடைய கிணற்றடியில் வந்து மூன்று நாள் கிடந்து செத்தது. அதனால் அது வேண்டாம் என்றார். அந்தக் கிழமைதான் மகள் விட்டுப்போன பழைய போனில் வில் செய்கிற வீடியோப் படம் ஒன்று அகப்பட்டது.

“வெள்ளக்காரன் ஒருத்தன். அவன்ட கதை ஒண்டும் வெளங்கல்ல. கை வெளங்கிச்சு.”

விளங்கியது அரைகுறை என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் வில்லை வேலியில் நின்ற கிளுவைக் கதியாலை வெட்டி அன்றைக்கே செய்தார். பச்சை மரம் வளைந்தது, நிமிர மறந்துவிட்டது. நாணைக் கழற்றிய பிறகும் கூனிக்கொண்டே நின்றதைக் கோழிக்கூட்டுக்கு வளையமாய்க் கட்டினார். இரண்டாவதற்கு விடத்தல் மரம் பிடித்தார். முள் மரம், இரும்பு மாதிரி. “எங்கட ஊருப் பேருள்ள மரம், கைவிடாது” என்றார். கைவிட்டது. மேற்பட்டையை உரித்த பிறகு அழகுக்காக, எய்யும்போது வெளியே பார்க்கும் முதுகுப் பக்கத்தையும் சீவியிருந்தார். மரத்தின் நார் அங்கே அறுந்துபோனதால், இழுத்தபோது அந்த இடத்திலிருந்தே சிலாம்பு கிளம்பிப் பிளந்தது. மூன்றாவதில் முதுகைத் தொடவில்லை. ஆனால் மேல் பாதி மெலிவு, கீழ்ப் பாதி தடிப்பு. மர்ஸூக் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வீம்பில் காது வரை இழுத்தார். மெலிந்த பாதி முறிந்து வந்து புருவத்தைக் கிழித்தது.

மர்ஸூக் பயந்த சுபாவம். மீன் வாடியில் கருவாடு காயப்போடும் வேலை. “ஊரு சிரிக்கிது புள்ள” என்பார். “சிரிக்கட்டும். சிரிச்சா பண்டி போகுமெண்டா நானும் சிரிக்கிறன்” என்பார் இவர். அதன் பிறகு அவர் வாடிக்குக் கிளம்பிவிடுவார்.

நாலாவது கம்பை வெட்டி, இரண்டு நுனியிலும் மிச்சப் பெயின்ட் பூசி, கட்டிலுக்குக் கீழே மூன்று மாதம் காய வைத்தார். அவசரக்காரியான ஜெய்னம்புவுக்கு அந்த மூன்று மாதமும் நோன்பு மாதிரி. பிறகு செதுக்கும் வேலை. கம்பின் நடுவை வேப்பமரக் கவட்டில் இறுக்கிக் கட்டி, நாணில் கயிறு போட்டு மர்ஸூக்கை இழுக்கச் சொல்வார். தான் பத்தடி தள்ளிப் போய் நின்று வளைவைப் பார்ப்பார். இரண்டு பாதியும் ஒன்றுபோல் வளைய வேண்டும். எங்கே மரம் விறைப்பாய் நிற்கிறதோ அங்கே கரியால் கோடு போடுவார். கட்டவிழ்த்து, கோடு போட்ட இடத்தை மட்டும், அதுவும் உட்பக்கத்தில், கண்ணாடியால் பத்து இழுவை சுரண்டுவார். மறுபடியும் கட்டுவார். முதல் நாள் ஒரு சாண் மட்டும் இழுப்பு. அது சரியென்றால்தான் அடுத்த நாள் இன்னும் நாலு விரல். ஒரு நாள் ஒரு பாதி கொஞ்சம் அதிகமாய் வளைந்துவிட்டது. பதறாமல் மற்றப் பாதியை அதற்கு இணையாக மெலிய வைக்க இரண்டு நாள் எடுத்தார்.

“மெலிஞ்சத தடிப்பாக்க ஏலாது டீச்சர். மத்தத அதுக்கிட்ட கொண்டுவரணும். அவ்வளவுதான்.”

பதினெட்டாம் நாள் நாண் தாடை வரை இழுபடும் அளவுக்கு வில் வளைந்தது, ஒரு முனகல்கூட இல்லாமல். மர்ஸூக் கயிற்றை விட்டுவிட்டு, “மெய்தான் புள்ள, வில்லுதான்” என்றார். ஜெய்னம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முக்காட்டு நுனி கண்ணுக்குப் போனதை நான் பார்த்தேன்.

மீனவர்களின் நைலோன் நூலை முறுக்கி நாண். மூங்கில் அம்புகளுக்கு, தோட்டத்தில் மயில்கள் உதிர்த்த இறகு. முனைக்குப் பழைய அரிவாள் இரும்பைக் கொல்லனிடம் கொடுத்துத் தட்டுவித்தார். தும்பு அடைத்த சாக்கை வேம்பில் தொங்கவிட்டு ஒரு மாதம் எய்து பழகினார். பள்ளிவாசலில் பேச்சு எழுந்ததாக ஜப்பார்தான் வந்து சொன்னார்.

“பொம்புள ஒண்டு வில்லோட திரியிறாண்டு கதைக்கிறாங்க லாத்தா.”

“அம்பெறியப் பழகுறது சுன்னத்து தம்பி, நபி காட்டின வழி. ஆம்புளக்கி மட்டும் எண்டு எங்க எழுதியிரிக்கு? கதைக்கிறவங்களக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க.”

யாரும் வரவில்லை.

மரவள்ளிக்குப் பன்றி வந்தது விடியற்காலைகளில். சுபஹ் தொழுதுவிட்டு வேப்பங்கவட்டில் ஏறியிருப்பார். முதல் நாள் அம்பு மரவள்ளித் தண்டில் தைத்தது. அடுத்த தடவை மண்ணில். மூன்றாம் தடவை, பதினைந்து அடியில், பெரிய ஆண் பன்றி ஒன்று விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது.

“பிஸ்மி சொல்லுறதா வேணாமாண்டு யோசிச்சன். ஹராமான சாமான் ஆச்சே. யோசிக்கக்குள்ள கை விட்டிட்டு.”

பன்றி முப்பது அடி ஓடி, பின்பக்கத்தில், கம்பனி கேட்காத வளவிலிருந்த பவுலினாவின் வேலியில் விழுந்தது. ஜெய்னம்பு இறங்கவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டே இருந்தாராம். சத்தம் கேட்டு வெளியே வந்த பவுலினா மாதா கோவில் சபையில் பாட்டுப் பாடுகிறவர். அன்றைக்கு வேலியடியிலேயே பாடிவிட்டார்.

“அக்கா, இது உங்களுக்கு வேண்டாம்தானே?”

“தொடவும் மாட்டன். அம்ப மட்டும் நல்லாக் கழுவி, மண்போட்டுத் தேச்சுத் தா.”

அம்பைப் பவுலினா ஏழு தரம் கழுவிக் கொடுத்தார். அந்தக் கிழமை மூன்று கத்தோலிக்க வீடுகளில் இறைச்சிக் கறி. அதன் பிறகு ஒரு மாதம் தோட்டத்தில் பன்றித் தடம் இல்லை. பிறகு இன்னொரு கூட்டம் வரத் தொடங்கியது. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இப்போது கட்டிலுக்குக் கீழே இரண்டு கம்புகள் காய்கின்றன. ஒன்று பவுலினா கேட்டது.

ஐப்பசி முதல் மழை விழுந்த மறுநாள் ஜப்பார் மறுபடியும் வந்தார். கையில் கோப்பு. கம்பனி இனிப் பொறுக்காது, சுற்றிவர வேலி அடைத்தால் பாதையும் இல்லாமல் போகும், இதுதான் கடைசிப் பேச்சு என்றார். பேசிக்கொண்டே வரம்பைத் தாண்டி, புதிதாய்க் கொத்திய மண்ணுக்குள் வந்து நின்றார். ஜெய்னம்பு மடியில் விதைக் கச்சானோடு குனிந்து, கோடு பிடித்துப் போட்டுக்கொண்டே வந்தார். நிமிரவில்லை. ஜப்பாரின் சப்பாத்தடியில் வந்ததும் நின்றார்.

“காலை எடுங்க தம்பி.”

ஜப்பார் பின்னுக்கு வைத்தார். ஈர மண்ணில் சப்பாத்தின் தடம் ஆழமாய், அச்சு அடித்தது போல் கிடந்தது. ஜெய்னம்பு அதற்குள் இரண்டு விதையைப் போட்டு, மண்ணை இழுத்து மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த குழிக்கு நகர்ந்தார்.