நான்காம் படுக்கையை உருவாக்கியது யார்?

கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது. நான் குடிகாரன் அல்ல. புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். கண்ணால் கண்டதைக்கூட இரண்டு தடவை சோதிக்காமல் நம்பமாட்டேன்.

அது சீனப் பஞ்சாங்கப்படி ஏழாம் மாதம். செத்தவர்களுக்கு வாசல் திறந்துவிடுகிற மாதம். அதில் போய் என் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். "இன்னிக்கு முழுக்க யாராவது கூடவே இருக்கணும். மூச்சு முட்டினா உடனே மணி அடிக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு என்னை விட்டால் நாதி கிடையாது. என் தலையெழுத்து, நர்ஸைக் கூப்பிட நான் எழுதிய புது அழைப்பு மணி புரோகிராமை அதே வார்டில் அன்றைக்குத்தான் ஓடவிட வேண்டும்.

"சீக்கிரம் வந்துடறேன்பா."

"போடா, போ. நான் என்ன கைக்குழந்தையா?"

அந்தப் புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் நடுங்கினேன் என்பது புரியாது. அதில் எந்தப் படுக்கையும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளாது. எனக்கொரு மணி வேண்டும், எனக்கொரு துணையாள் வேண்டும் என்று கேட்கும். கேட்டதை உருவாக்கிக் கையில் கொடுக்க நடுவில் ஃபிரேம்வொர்க் என்கிற ஆயத்தச் சட்டகம் ஒன்று உண்டு. மகா கெட்டிக்காரச் சட்டகம்தான். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போய்விடும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நான்காம் படுக்கை கிடையாது. எங்கள் மொழியில் நான்கு என்றால் சாவு என்பதுபோல் காதில் விழும். எவனும் படுக்கமாட்டான். மூன்றுக்கு அப்புறம் ஐந்துதான். அதனால் உருவாக்குகிற வேலையை மட்டும் சட்டகத்தின் கையிலிருந்து பிடுங்கி, நானே எழுதிவைத்தேன். எது பிறந்தாலும் என் வழியாகத்தான் பிறக்கவேண்டும். நான்கு என்று யார் கேட்டாலும், முடியாது என்று திருப்பி அனுப்பிவிடும்.

தலைமை நர்ஸ் லியாவ் அக்கா கம்ப்யூட்டர் மேல் ஒரு பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை வைத்தார். மெஷின் அடங்கி நடக்க நாங்கள் வைக்கும் படையல் அது.

"பொட்டலம் தேதி தாண்டலையே அக்கா?"

"உன் வேலை லட்சணத்துக்கு ஒரு பொட்டலம் பத்தாது தம்பி."

ஓடவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு... வரிசையாகப் பச்சை. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

மூன்றே கால் மணி. வெளியே மழை.

டிங்...

நான்கு. சிவப்பு.

நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டேன்.

டிங்... டிங்...

நான்கு.

"அக்கா, அந்த எண்ணே கிடையாதே!"

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "பதில் பொத்தானைத் தொடாதே தம்பி. இந்த மாசத்துல, கூப்பிடறது யாருன்னு தெரியாம ஏன்னு கேக்கக் கூடாது."

தொடவில்லை. ஆனால் அதை எது உருவாக்கியது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தொழில் புத்தி. புரோகிராமின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

உருவானது: நான்கு.

கேட்டது: ஐந்தாம் படுக்கை.

எதற்கு: துணைக்கு.

ஐந்தில் படுத்திருப்பது என் அப்பா.

ஓடினேன்.

படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நான் இழுக்கவில்லை.

உள்ளே பேச்சு... அப்பாவின் குரல் மட்டும். நிறுத்தி நிறுத்தி... பதில் கேட்டுப் பேசுவதுபோல.

விலக்கினேன்.

யாரும் இல்லை.

அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. மணிப் பொத்தான் தரையில்... கைக்கு எட்டாத தூரத்தில்.

நான் உட்கார்ந்திருக்கவேண்டிய நாற்காலி நனைந்திருந்தது.

கடல்தண்ணீரின் உப்பு வாடை...

"மூச்சு நின்னே போச்சுடா. அவர்தான் மணி அடிச்சார்."

"எவர்ப்பா?"

"பக்கத்துப் படுக்கைக்காரர்."

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே சுவர்தான் இருந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். பாதி சந்தோஷம், பாதி பயம். என் புரோகிராமை அலுவலகத்தில் ஆளாளுக்குப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஓர் ஓட்டைகூட இல்லை. நான்கைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தோம். முடியாது என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னது.

போன வாரம் வீட்டில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா சாவகாசமாக ஆரம்பித்தார்.

"அன்னிக்கு வந்தாரே, பாவம்டா அவர். எனக்கு நீ இருக்கே. அவருக்குத் துணைக்கு ஒருத்தர்கூட இல்லையாம். அழுதார். எம் பையன் தங்கம், கூப்பிட்டா வருவான்னு உன் பேர், வீட்டு விலாசம் எல்லாம் சொன்னேன்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஏம்பா... சொன்னீங்க?"

"உசிரக் காப்பாத்தினவர்டா! நேத்து மத்தியானம்கூட வந்திருந்தார். நீ இல்லேன்னேன். பரவாயில்லை, வீடு தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் போனார்."